ஷவரின் உயிர் மொட்டைமாடியில்

"ஷவர் மாட்டியாச்சு அண்ணாச்சி. தொறந்தா தண்ணி விழல, சொட்டுது."

வாசுதேவநல்லூரில் ஒரு வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறிய மறுவாரம் எனக்கு வந்த போன் இது. போய்ப் பார்த்தேன். பத்து அங்குல அகலத்தில் பளபளவென்று ஷவர், விலை கூடின மிக்ஸர், சுவர் முழுக்க நீலக் கடல் போட்ட டைல்ஸ். திருகினால் நடுவில் இருந்த ஏழெட்டுத் துளைகளில் மட்டும் தண்ணீர் கோடு பிடித்து இறங்கியது. மாடிக்கு ஏறிப் பார்த்தேன். டேங்க் மொட்டைமாடித் தளத்தில் இரண்டு வரிசைச் செங்கல் மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. ஷவரில் கோளாறு இல்லை, பிளம்பர் வேலையிலும் பெரிய குறை இல்லை. தண்ணீர் இறங்கி வர உயரம்தான் இல்லை.

அதனால் இந்த அத்தியாயத்தைக் கடை வாசலில் தொடங்காமல் மாடிப்படியில் தொடங்குகிறேன். ஷவர், மிக்ஸர், பாத் டப் என்று எதை வாங்குவதானாலும் முதலில் டேங்கின் அடிமட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

உயரக் கணக்கு

கணக்கு எளிது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். ஒரு மீட்டருக்கு 0.1 பார். டேங்க் ஆயிரம் லிட்டரா ஐயாயிரம் லிட்டரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உயரம் மட்டும்தான் கணக்கு.

நம் பக்கத்துத் தனி வீட்டை எடுத்துக்கொள்வோம். அறையின் உயரம் 10 அடி. ஷவர் 7 அடியில். தளத்தின் கனம் 5 அங்குலம். அதன் மேல் ஒரு அடி மேடை கட்டி டேங்க் வைத்திருக்கிறார்கள். ஷவரிலிருந்து டேங்கின் அடி வரை நாலரை அடிதான். டேங்கில் இரண்டு அடி தண்ணீர் நிற்பதாக வைத்தாலும் ஆறரை அடி, அதாவது 2 மீட்டர். அழுத்தம் 0.2 பார். கடைகளில் பெட்டியோடு கிடைக்கும் அகலமான மழை ஷவர்கள் பலவற்றுக்குக் குறைந்தது அரை பார், சிலவற்றுக்கு 1 பார் வேண்டும். பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அது அச்சிட்டிருக்கும். வாங்குகிற யாரும் அதைப் படிப்பதில்லை. விற்கிறவரும் வாசித்துக் காட்டுவதில்லை.

குற்றாலத்துக்குப் போய் வந்த கையோடு ஷவர் வாங்குகிறவர்கள் நம் ஊரில் அதிகம். சாரல் காலத்தில் அருவியில் நின்றுவிட்டு வந்தவருக்கு வீட்டு வாளி சப்பென்று தெரியும், அதில் தப்பில்லை. ஆனால் அருவியைக் கொஞ்சம் பிளம்பர் கண்ணோடும் பார்க்க வேண்டும். பேரருவியில் தண்ணீர் சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. அத்தனை உயரமும் ஒரே குழாயில் இறங்கினால் அடியில் 6 பார் நிற்கும். நேரே தலையில் விழுந்தால் ஆள் நிற்க முடியாது. இடையில் பொங்குமாங்கடல் என்ற ஆழக் குண்டில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகுதான் நம் மேல் விழுகிறது. வீட்டில் நிலைமை தலைகீழ். தணிக்க ஒன்றுமில்லை, கூட்டத்தான் வழி பார்க்க வேண்டும்.

ஐந்தருவியிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஒரே வெள்ளம் அங்கே ஐந்து கிளையாகப் பிரிகிறது. வரத்து நன்றாக இருக்கும்போது ஐந்தும் கொட்டும். வரத்து குறைந்தால் ஒன்றிரண்டில் தண்ணீர் விழும், மற்றதில் பாறை ஈரமாகத் தெரியும். பெரிய ஷவர் தட்டும் அப்படித்தான். துளைகள் கூடுகின்றன, வருகிற தண்ணீர் அதேதான். 0.2 பாருக்குப் பத்து அங்குலத் தட்டு வாங்குவதைவிட நாலு அங்குலத் தட்டு வாங்கினால் தலை நனையும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஷவர் வரப்போகிற உயரத்தில் குழாயை வெறுமனே திறந்துவிட்டு, ஒரு துண்டு ஹோஸ் மாட்டி, வாயை அதே உயரத்தில் பிடித்தபடி பத்து லிட்டர் வாளியில் விழவிடுங்கள். வாளி நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். நாற்பது விநாடிக்குள் நிறைந்தால் பம்ப் இல்லாமல் சின்ன ஷவர் ஓடும். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் ஷவர் ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு மாடி வேலையைப் பாருங்கள். இந்த நாற்பது விநாடி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் வேலை பார்த்த வீடுகளில் கண்ட கணக்கு.

டேங்கை உயர்த்துவது

டேங்கை ஆறு அடி உயர்த்தினால் மேலே சொன்ன வீட்டில் 0.2 பார் என்பது 0.38 ஆகும். அழுத்தம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆனால் தண்ணீரின் அளவு இரட்டிப்பாகாது, 1.4 மடங்காகத்தான் கூடும். அதற்குமேல் வேண்டுமென்றால் குழாயைக் கவனிக்க வேண்டும்.

ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். அதைத் தளத்தின் நடுவில் நாலு கால் போட்டு நிறுத்தக் கூடாது. கால்கள் கீழே தூணோ பீமோ இருக்கும் இடத்தில் இறங்க வேண்டும். அல்லது தாங்கு சுவருக்கு மேல். வீடு கட்டின காலத்து வரைபடம் கையில் இல்லையென்றால் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நம் ஊருக்கென்று இன்னொரு சங்கதியும் உண்டு. ஆனி ஆடியில் மலையிலிருந்து இறங்கும் மேல்காற்று. ஆடிக்காற்றில் அம்மி பறக்குமோ இல்லையோ, வெறும் டேங்க் பறக்கும். ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் காலியாக இருந்தால் முப்பது கிலோகூட இராது. மின்தடை, மோட்டார் பழுது என்று டேங்க் காலியாக நிற்கிற நாள்தான் ஆபத்து. கழுத்தையும் இடுப்பையும் சுற்றிப் பட்டை போட்டு ஸ்டாண்டோடு கட்டுங்கள். கயிறு வெயிலில் இற்றுப்போகும்.

டேங்கிலிருந்து புறப்படும் குழாயில் கஞ்சம் பார்க்காதீர்கள். டேங்கிலிருந்து ஒன்றேகால் அங்குலம் அல்லது ஒரு அங்குலத்தில் இறக்கி, குளியலறை வரை முக்கால் அங்குலத்தில் கொண்டுபோய், கடைசியில் மிக்ஸருக்கு மட்டும் அரை அங்குலம் என்று குறைக்கலாம். நெடுகிலும் அரை அங்குலம் போட்டுவிட்டு டேங்கை உயர்த்திப் பயனில்லை. அதே அளவு தண்ணீர் அரை அங்குலக் குழாயில் போவதற்கும் முக்கால் அங்குலத்தில் போவதற்கும் உராய்வு ஆறேழு மடங்கு வித்தியாசப்படும். ஒவ்வொரு எல்போவும் ஒன்றரை இரண்டு அடி நீளக் குழாய் கூடுதலாகப் போட்டதற்குச் சமம். பிளம்பர் சுவரைச் சுற்றி அழகாக வளைத்து வளைத்துக் கொண்டுவரும்போது ரசிக்காமல் எல்போக்களை எண்ணுங்கள். வால்வு வைக்கும் இடத்தில் முழுத் துவாரம் திறக்கும் பால் வால்வு வையுங்கள். துவாரம் குறுகியதை வைத்தால் அங்கேயே பாதி அழுத்தம் செத்துவிடும்.

டேங்கிலிருந்து வெளியேறும் இடத்தில், வால்வுக்கு அடுத்து, ஒரு டீ போட்டு அதிலிருந்து சின்னக் குழாயை மேல்நோக்கி டேங்கின் தலைக்கு மேலே வரை ஏற்றி, வாயை வளைத்துத் திறந்துவிடுங்கள். இதுதான் ஏர் பைப். டேங்க் ஒருமுறை காலியாகி நிறைந்த பிறகு "காத்து அடைச்சுக்கிட்டு" தண்ணீர் வராமல் படுத்தும் வீடுகளில் பெரும்பாலும் இந்தக் குழாய் இருக்காது.

பம்ப் வைத்தால்

டேங்கை உயர்த்த வழியில்லாத வீட்டுக்கு அரைக் குதிரைத்திறன் அழுத்த பம்ப் போதும். குழாயைத் திறந்ததும் தானே ஓடி, மூடியதும் நிற்கும் வகை. சத்தம் வரும், படுக்கையறைச் சுவருக்கு மேலே வைக்காதீர்கள்.

இதில் பலர் செய்யும் தவறு, பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கு மட்டும் பம்ப் வைப்பது. கீசருக்குப் போகும் குழாய் பழையபடி டேங்கிலிருந்து சும்மா இறங்கும். மிக்ஸரில் இரண்டும் சந்திக்கும்போது பலமுள்ள பச்சைத் தண்ணீர், பலமில்லாத வெந்நீரைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு கீசருக்குள் ஏறிவிடும். கீசர் நிறையச் சுடுதண்ணீர் இருக்கும், குளிப்பவருக்கு ஒரு சொட்டு வராது. பம்ப் வைத்தால் இரண்டு வழிக்கும் சேர்த்து வையுங்கள். கீசருக்குள் நுழையும் வழியில் தண்ணீர் பின்னால் திரும்பாதபடி தடுக்கும் என்ஆர்வி கட்டாயம்.

சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே சமநிலைதான் சட்டம். பச்சைத் தண்ணீர் டேங்கின் அடிமட்டம் சோலார் டேங்கின் தலையைவிட மேலே இருக்க வேண்டும். சோலாரின் காற்றுக் குழாயை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. பம்ப் அழுத்தம் தாங்கும் சோலார் டேங்க் தனி வகை. சாதாரண வகைக்குப் பம்ப் கொடுத்தால் டேங்க் வெடித்துக் கசியும்.

சுவரில் கோடு

இனி குளியலறைக்குள் வருவோம். காடி வெட்டுவதற்கு முன் சுவரில் சாக்பீஸால் எல்லாவற்றையும் வரையுங்கள். முடிந்த தரை மட்டம், அதாவது டைல்ஸ் போட்ட பிறகு வரப்போகும் தரை, அதுதான் பூஜ்யம். செங்கல் தரையிலிருந்து அளந்தால் நாலு அங்குலம் ஏமாறுவீர்கள்.

ஷவர் தலை ஆறரை முதல் ஏழு அடி. வீட்டில் உயரமானவர் கையைத் தூக்கி நின்று பார்க்கட்டும். மிக்ஸர் மூன்று முதல் மூன்றரை அடி. வாளிக் குழாய் இரண்டு முதல் இரண்டரை அடி. உங்கள் வீட்டு வாளியையே கொண்டுவந்து அடியில் வைத்துப் பாருங்கள். ஷவர் வைத்தாலும் வாளிக் குழாயை விட்டுவிடாதீர்கள். மோட்டார் ஓடாத நாள் வரும், குழந்தைக்கு ஊற்றிவிடும் நாள் வரும், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் வரும். முதியவர் இருக்கும் வீட்டில் கைப்பிடிக் கம்பிக்கும் இப்போதே இடம் குறியுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு துளை போடுகிறபோது உள்ளே ஓடும் குழாயில் டிரில் இறங்கிய கதை எனக்கே உண்டு.

மிக்ஸரைப் பார்த்து நிற்கும்போது வெந்நீர் இடது கை, பச்சைத் தண்ணீர் வலது கை. இது எங்கும் ஒன்று. மாற்றி வைத்த வீட்டில் விருந்தாளி சுட்டுக்கொள்வார். இரண்டு வாய்களுக்கும் நடு அளவு 150 மில்லிமீட்டர், அதாவது ஆறு அங்குலம். மிக்ஸரோடு வரும் வளைந்த கால்கள் கொஞ்சம் வித்தியாசத்தைச் சமாளிக்கும். ஆனால் அதை நம்பி அலட்சியமாக வைக்காதீர்கள். ரசமட்டம் வைத்து இரண்டு வாயும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கால் அங்குலம் ஏற்ற இறக்கம் இருந்தால் மிக்ஸர் கோணல்வாயாகச் சிரிக்கும்.

அதைவிட முக்கியம் வாய் எவ்வளவு வெளியே நிற்கிறது என்பது. பூச்சு அரை அங்குலம், டைல்ஸ் கலவை அரை அங்குலம், டைல்ஸ் 8 மில்லிமீட்டர். ஆக, செங்கல் முகத்திலிருந்து பிராஸ் எல்போவின் முகம் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் வெளியே வர வேண்டும். கலவைக்குப் பதில் பசை போட்டு ஒட்டுவதானால் குறையும். கொத்தனாரிடம் முன்பே கேட்டுக்கொண்டு, ஒரு டைல்ஸ் துண்டைக் கலவையோடு சுவரில் அப்பிப் பார்த்துவிட்டு அளவு வையுங்கள். உள்ளே புதைந்துபோனால் நீட்டிப்பு நிப்பிள் போட்டுச் சமாளிக்கலாம். வெளியே துருத்தினால் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும், அதற்கு வைத்தியமில்லை.

நாலரை அங்குலச் சுவரில் அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடி ஆழமாகப் போகக் கூடாது. பக்கத்துக் குளியலறைக்காக மறுபுறத்திலும் அதே இடத்தில் வெட்டினால் சுவர் கையோடு வந்துவிடும்.

குழாயும் ஒட்டும்

வெந்நீருக்கு சிபிவிசி. சந்தன நிறத்தில் இருக்கும், 93 டிகிரி வரை தாங்கும். வெள்ளை யூபிவிசி பச்சைத் தண்ணீருக்கு மட்டும். காசு மிச்சம் என்று வெந்நீர் வழியில் இரண்டடி வெள்ளைக் குழாய் சேர்த்தாலும் அந்த இரண்டடி நெளிந்து, ஒட்டு விட்டுவிடும். இரண்டுக்கும் சொல்யூஷன் வேறு வேறு. ஒன்றுக்கான டப்பாவை மற்றதற்குத் தடவாதீர்கள்.

ஒட்டும் வேலை பார்க்க எளிது. அவசரத்தில்தான் கெடும். குழாயை நேராக அறுத்து, உள்ளும் புறமும் பிசிறு வழித்து, ஈரம் துடைத்து, குழாயில் தாராளமாகவும் ஃபிட்டிங்கில் மெல்லியதாகவும் தடவி, கால் திருப்பு திருப்பிச் செருகி, அரை நிமிடம் கையை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். கையை உடனே எடுத்தால் குழாய் தானே வெளியே நழுவும். சாரல் நாளில் காற்றிலேயே ஈரம் இருக்கும். ஒட்டு காய நேரம் கூடும். எப்படியும் 24 மணி நேரம் தண்ணீர் விடாதீர்கள். "ஒரு மணி நேரத்துல விட்டுரலாம்" என்று சொல்லும் பிளம்பர் மாலையில் வேறு வீட்டுக்குப் போக வேண்டியவர்.

மரை உள்ள இடமெல்லாம் பிராஸ் உள்ளே பதித்த ஃபிட்டிங். டெஃப்லான் டேப்பை மரை போகும் திசையிலேயே எட்டு முதல் பத்துச் சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். மாடியில் வெயிலில் கிடக்கும் குழாய்க்குத் தண்ணீரில் கரையும் வகை பெயின்ட் ஒரு கை அடியுங்கள்.

சுவரை மூடும் முன் அழுத்தச் சோதனை. இதை மட்டும் யார் சொன்னாலும் விடாதீர்கள். மிக்ஸர் வரும் இரண்டு வாய்களையும் ஒரு ஹோஸால் இணைத்துவிட்டால் பச்சைத் தண்ணீர் வழியும் வெந்நீர் வழியும் ஒன்றாகிவிடும். ஒரே கைப்பம்பால் இரண்டையும் சோதிக்கலாம். கீசரை அந்த நேரம் கழற்றி வைத்திருக்க வேண்டும். மற்ற வாய்களுக்கு டம்மி. ஐந்து கிலோ அழுத்தம் ஏற்றி இரண்டு மணி நேரம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். கைப்பம்ப் வாடகைக்குக் கிடைக்கும். கிடைக்கவில்லையென்றால் டேங்க் அழுத்தத்திலேயே ஒரு இரவு வைத்து, காலையில் ஒவ்வொரு ஒட்டையும் தடவிப் பாருங்கள். பம்ப் சோதனைக்கு ஈடாகாது, என்றாலும் ஒன்றுமே செய்யாததைவிட மேல்.

பிறகு ஒரு போட்டோ. டேப்பைச் சுவரில் நீட்டிப் பிடித்து, குழாய் ஓடும் தடம் முழுக்கத் தெரியும்படி நாலு பக்கமும் எடுத்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்துக் கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும் நாளில் அருமை தெரியும்.

எந்த மிக்ஸர்

சுவருக்குள் புதையும் டைவர்ட்டர் வகை மிக்ஸர் அழகு. வெளியே ஒரு கைப்பிடியும் ஒரு தட்டும்தான் தெரியும். ஆனால் நான் நம் ஊருக்கு வெளியே தெரியும் வால் மிக்ஸரைத்தான் சொல்வேன். உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்தால், புதைந்த வகைக்கு அதே கம்பெனியின் அதே மாடல் சரக்கு வேண்டும். தென்காசியில் இல்லை, ராஜபாளையத்தில் கேளுங்கள், திருநெல்வேலியில் ஆர்டர் போட வேண்டும் என்று அலைவீர்கள். மாடலே நின்றுபோயிருந்தால் டைல்ஸை உடைக்க வேண்டியதுதான். வெளியே தெரியும் மிக்ஸரானால் இரண்டு நட்டைக் கழற்றி வேறு கம்பெனி மிக்ஸரை அதே ஆறு அங்குல வாயில் மாட்டிவிடலாம்.

டூ இன் ஒன் மிக்ஸர் என்றால் வாளிக்கும் ஒரு ஷவருக்கும். த்ரீ இன் ஒன் என்றால் கை ஷவரும் சேரும். படியேற முடியாத, உட்கார்ந்தே குளிக்கிற பெரியவர் வீட்டில் இருந்தால் தலைக்கு மேலுள்ள ஷவரைவிடக் கை ஷவர்தான் உபயோகம். அது நாலடி உயரத்தில் இருப்பதால் அழுத்தமும் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். மூன்றடி கீழே இறங்குவது 0.09 பார், கேட்க அற்பம், 0.2 பார் வீட்டில் அது கிட்டத்தட்டப் பாதி.

கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளை கனக்கும். உப்புத் தண்ணீர் போர் உள்ள வீட்டில் வாளிக் குழாயும் ஆங்கிள் காக்கும் நல்ல பிளாஸ்டிக்கில் இருந்தாலும் குற்றமில்லை. துரு பிடிக்காது, மாற்றவும் மலிவு.

மாட்டும் நாள்

டைல்ஸ் முடிந்து, இடுக்கெல்லாம் பூசிக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். முதலில் குழாய் வாயைத் திறந்து வாளி வாளியாகத் தண்ணீரை ஓடவிடுங்கள். மணலும் சொல்யூஷன் துணுக்கும் பிளாஸ்டிக் பிசிறும் வரும். இதைச் செய்யாமல் மிக்ஸரை மாட்டினால் அத்தனையும் செராமிக் தகட்டில் போய்க் கீறிவிடும். புது மிக்ஸர் முதல் வாரமே ஒழுகும்.

கால்களுக்கு டேப் சுற்றி முறுக்கி, ரசமட்டம் பார்த்து, மூடியை மாட்டி, வாஷரைப் போட்டு நட்டை இறுக்குங்கள். நட்டுக்கும் ஸ்பேனருக்கும் இடையில் ஒரு துணி. குரோம் கீறினால் அங்கிருந்துதான் பாசி நிறம் ஏறும். ஷவர் கையையும் துணி சுற்றித் திருகுங்கள். ஷவர் தலையில் தண்ணீரைக் குறைக்கும் சின்ன பிளாஸ்டிக் வில்லை இருக்கிறதா என்று பாருங்கள். அது அழுத்தம் மிகுந்த அடுக்குமாடி வீட்டுக்காக வைத்தது. டேங்கிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு எடுத்துவிடலாம்.

கீசர் பற்றி இங்கே இரண்டே வரி. எர்த் இல்லாமல், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் ஓடவிடாதீர்கள்; சுவிட்ச் குளியலறைக்கு வெளியே. வெப்பத்தை 50 டிகிரிக்கு மேல் வைக்கத் தேவையில்லை.

டப் வேண்டுமா?

மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். வெளிநாட்டில் மகன் வீட்டுக்குப் போய் வந்தவர்கள், அல்லது ஓட்டலில் தங்கி வந்தவர்கள். வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடும். ஆகவே கணக்கை மட்டும் சொல்லிவிடுவேன்.

ஐந்தரை அடி டப்பில் ஆள் மூழ்க 200 லிட்டர் போகும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு என்று வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். நாலு பேருடைய முழு நாள் தண்ணீர் ஒரு குளியலில் போகும். வாளியில் குளிப்பவருக்கு 30 லிட்டர் தாராளம். தவிர, 15 லிட்டர் கீசரால் 200 லிட்டர் தண்ணீரை வெதுவெதுப்பாக்க முடியாது, நிறைவதற்குள் ஆறிவிடும். டப்பின் விளிம்பு ஒன்றரை அடி. முழங்கால் வலிக்காரர் ஈரக் காலோடு அதைத் தாண்டி இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு வேண்டும் என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு: டப், தண்ணீர், ஆள் எல்லாம் சேர்ந்து 300 கிலோ. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் பொதுவாகக் கணக்கிடுவார்கள். டப் அதைத் தாண்டும். மாடியில் வைப்பதானால் பொறியாளரைக் கேளுங்கள். டப்பை டைல்ஸுக்கு முன் வைக்க வேண்டும். அடியில் மணல் சிமென்ட் மெத்தை போட்டு, விளிம்பில் ரசமட்டம் பார்த்து உட்கார வையுங்கள். வாட்டம் டப்பின் உள்ளேயே இருக்கிறது, நீங்கள் சாய்க்க வேண்டாம். கழிவுக் குழாய் ஒன்றரை அங்குலம், அடிக்கு கால் அங்குலம் வாட்டம். கழிவு வாய் இருக்கும் பக்கத்தில் ஒரு அடிச் சதுரத்துக்குத் திறக்கிற கதவு விடுங்கள். கதவு விடாமல் டைல்ஸால் மூடிய டப்பில் ஒழுகல் வந்தால் சுத்தியல்தான் வழி.

சிலிக்கான் பூசும்போது ஒரு நுணுக்கம். டப் நிறையத் தண்ணீர் பிடித்து, அந்தக் கனத்தில் டப் தாழ்ந்திருக்கும் நிலையில் பூசி, காயும்வரை தண்ணீரை வெளியேற்றாமல் வையுங்கள். காலி டப்பில் பூசினால் முதல் குளியலில் டப் ஒரு நூல் இறங்க, சிலிக்கான் பிரிந்துவிடும்.

குழாய் வாய் எப்போதும் விளிம்பைவிட மேலே இருக்க வேண்டும். கை ஷவரைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு வரக் கூடாது. டேங்க் வால்வை யாராவது மூடிக் கீழ்க்குழாயைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் அப்படியே உறிஞ்சப்பட்டு வீட்டுக் குழாய்க்குள் ஏறிவிடும்.

நம் பழைய வீடுகளில் குளியலறை மூலையில் இருந்த சிமென்ட் தொட்டியும் மோசமில்லை. மூன்றடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழம் கட்டினால் 340 லிட்டர் பிடிக்கும். உட்கார்ந்து குளிக்கலாம், தண்ணீர் வராத இரண்டு நாளைக்கும் உதவும். அடியில் திறப்பு வைத்து வாரம் ஒருமுறை முழுக்கக் காலி செய்து தேய்க்க வேண்டும். இல்லையேல் டெங்குக் கொசுவை நீங்களே வளர்க்கிறீர்கள். ஷவருக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் தொட்டியும் கை ஷவரும் சேர்த்து முடித்தவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் வருந்தவில்லை.

தரையும் எண்ணெயும்

ஷவர் வந்தால் தண்ணீர் நாலு பக்கமும் தெறிக்கும். வாளிக் குளியலுக்குப் போதுமான வாட்டம் இதற்குப் போதாது. அடிக்குக் கால் அங்குலம் வேண்டும். டைல்ஸ் போட்டதும் ஒரு செம்புத் தண்ணீரை மூலையில் ஊற்றி, அது தானே ஓடி ட்ராப்பைச் சேர்கிறதா என்று கொத்தனார் கிளம்பும் முன் பாருங்கள். ட்ராப்பில் இரண்டு அங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். நாற்றத்தைத் தடுப்பது அதுதான்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீட்டில் வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ் போடுங்கள். நல்லெண்ணெயும் சீயக்காய்த் தூளும் சேர்ந்தால் ட்ராப்புக்குள் மெழுகு போலக் கட்டிக்கொள்ளும். கழற்றி எடுக்கக்கூடிய ஜாலி வையுங்கள். குளித்து முடித்ததும் ஒரு வாளி கொதிக்காத சுடுதண்ணீர்.

உப்புப் படிந்தால்

போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் நல்லது, வேறு வழியில்லையென்றால் 600 வரை பொறுக்கலாம் என்று இருக்கிறது. அதற்கும் மேலே போகும் போர்களில் ஷவர்த் துளை ஆறு மாதத்தில் வெள்ளையாக அடைக்கும். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகித் தாரை கோணலாகும். ஆசிட் ஊற்றினால் குரோம் போய்விடும்.

எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி பக்கத்தில்தான் இருக்கிறது. நாலைந்து பழத்தைப் பிழிந்து வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஷவர் தலை மூழ்கும்படி பையைக் கட்டுங்கள். அரை மணி நேரம் போதும். இரவு முழுக்க விட்டால் எலுமிச்சையும் குரோமைத் தின்னும். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, தலையைக் கழற்றி, பின்பக்கமிருந்து தண்ணீர் விட்டால் துணுக்குகள் கொட்டும். ரப்பர் முனை வைத்த ஷவர் என்றால் விரலால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும். உப்புத் தண்ணீர் வீட்டுக்கு அந்த வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, வேலை முடிந்த அன்று ஒரு டப்பாவில் இவற்றைப் போட்டுப் பரணில் வையுங்கள்: மிக்ஸரின் பில், கூடவே வந்த அலன் கீ, உதிரி கார்ட்ரிட்ஜ் ஒன்று, அரை டஜன் வாஷர், எடுத்து வைத்த சுவர்ப் போட்டோவின் பிரிண்ட். அதே லாட்டில் மிஞ்சிய டைல்ஸ் நாலைப் பரணின் மறுகோடியில் நிறுத்தி வையுங்கள். டப்பா மேல் 'பாத்ரூம்' என்று எழுதிவிடுங்கள். இல்லையென்றால் தீபாவளிக்குப் பரண் ஒழிக்கும்போது பழைய இரும்புக்காரர் தராசில் ஏறிவிடும்.